மேல் தாழ்ப்பாள்

ஷூ கம்பெனியில் முதல் முறை சம்பளத்தைக் குறைத்த மாதம், சோல் ஒட்டும் பகுதியில் வேலை பார்த்த பசைக்காரர் இரண்டு விரல் குட்டையானார். காலையில் முகம் கழுவப் போனவருக்குக் கண்ணாடியில் தன் தலைக்கு மேலே சுவர் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. பேண்ட்டைப் போட்டபோது அதன் விளிம்பு குதிகாலுக்கு அடியில் மடங்கியது. அவர் மனைவி அவரைச் சுவரோடு சேர்த்து நிற்கவைத்து, தலைக்கு மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு ஊசியும் நூலும் எடுத்துவந்து உட்கார்ந்தாள். இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சம்பளம் குறைந்ததைப் பற்றி முந்தின நாளே பேசித் தீர்த்திருந்தார்கள். இது அதோடு சேர்ந்து வந்தது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் தூர தேசங்களில் ஜனங்கள் புது ஷூ வாங்குவதை நிறுத்தியிருந்தார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று கம்பெனி நோட்டீஸில் அரைப் பக்கத்துக்கு விளக்கியிருந்தது. யாருக்கும் அது புரியவில்லை. கடைசி வரி மட்டும் புரிந்தது: ஆட்களை வேலையைவிட்டு எடுக்கப் போவதில்லை, சம்பளத்தைத்தான் குறைக்கப் போகிறார்கள். நோட்டீஸ் பலகைக்கு முன்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, "தலை தப்பிச்சுது" என்று சொல்லிக்கொண்டார்கள். தலை தப்பியது உண்மைதான். ஆனால் அது பழைய இடத்தில் இல்லை என்பது மறுநாள் காலையில் அவரவர் வீட்டுக் கண்ணாடியில் தெரிந்தது.

ஷூவுக்குள் குதிகாலுக்கு அடியில் வைப்பதற்காகக் கார்க் தகடு வெட்டுவார்கள். வெட்டும்போது ஓரத்தில் பிறைபிறையாகத் துண்டுகள் மிஞ்சும். பசைக்காரர் அதில் ஒரு கைப்பிடியைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டினார். பசை தடவியதும் அவசரப்பட்டு ஒட்டினால் பிடிக்காது. இரண்டு பக்கமும் தடவி, விரலால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, லேசாகச் சூடு காட்டி அழுத்த வேண்டும். அப்படிச் செய்து, இழைத்து, இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு மெத்தை தயாரித்துத் தன் ஷூவுக்குள் வைத்துக்கொண்டார். கம்பெனிக்காக அவர் ஒட்டிய எந்த ஷூவிலும் அவ்வளவு சுத்தமான வேலை கிடையாது. மறுநாள் பழைய உயரத்திலேயே வேலைக்குப் போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை. தான் தப்பித்துவிட்டதாக நினைத்தார்.

யாரும் கேட்காததற்குக் காரணம், அன்றைக்கு எல்லோருடைய ஷூவுக்குள்ளும் கார்க் இருந்தது. தோல் வெட்டுகிறவர்கள், தையல் பிரிவுப் பெண்கள், மெருகு போடுகிறவர்கள், வாசல் காவலாளி, எல்லோருமே இரண்டு விரல் குறைந்திருந்தார்கள். இரண்டு விரல் கார்க் வைத்திருந்தார்கள். சாமான் அறையைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர்காரருக்குத் துண்டுகள் காணாமல் போவது தெரிந்திருக்க வேண்டும். அவர் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் முதலில் எடுத்தவர் அவர். திருடனுக்கு இன்னொரு திருடன் கண்ணில் படமாட்டான், போலீஸ்காரன்தான் படுவான். அதனால் அந்தக் கம்பெனியில் முந்நூறு பேரும் ஆளுக்கொரு ரகசியத்தைக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, தான் மட்டும்தான் குட்டை, மற்றவர்கள் எல்லோரும் பழையபடி இருக்கிறார்கள் என்று நம்பினார்கள். மூன்று மாதம் கழித்து நிர்வாகம் ஒரு பாராட்டுக் கடிதம் ஒட்டியது. கார்க் கழிவு அடியோடு இல்லாமல் போய்விட்டதாம். நெருக்கடியான காலத்தில் தொழிலாளர்கள் காட்டும் பொறுப்பு முன்மாதிரியானதாம். அதைப் படித்துவிட்டு முந்நூறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பணிவு என்று மேலாளர் எடுத்துக்கொண்டார்.

எட்டு மாதத்தில் இரண்டாவது முறை குறைத்தார்கள். இந்தத் தடவை நான்கு விரல். அடுத்த வருஷம் மூன்றாவது முறை, இன்னும் நான்கு. கார்க் மெத்தை ஒரு சாணை நெருங்கியது. ஷூவின் கழுத்தை உயர்த்தித் தைக்க வேண்டியிருந்தது. அதை மறைக்கப் பேண்ட்டின் மடிப்பைப் பிரித்து நீளமாக விட்டார்கள். கைகள் மட்டும் காட்டிக்கொடுத்தன. சட்டைக் கைக்குள்ளிருந்து விரல் நுனிதான் எட்டிப் பார்த்தது. அதனால் ஆண்கள் பாக்கெட்டிலும் பெண்கள் பைக்குள்ளும் கையை வைத்துக்கொள்ளப் பழகினார்கள். அவ்வளவு உயரமான கார்க்கில் வேகமாக நடந்தால் கணுக்கால் பிசகும். எல்லோரும் மெதுவாக, நிமிர்ந்து, ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தார்கள். கெட்ட காலத்திலும் இந்த ஊர்க்காரர்களுக்கு என்ன மிடுக்கு என்று வெளியூரிலிருந்து சரக்கு ஏற்ற வந்த லாரி டிரைவர்கள் சொன்னார்கள்.

வீட்டுக்குள்தான் ஒளிக்க முடியவில்லை. வாசலில் ஷூவைக் கழற்றியதும் பசைக்காரர் ஒரு சாண் இறங்கி உள்ளே போவார். மகள் அப்போதுதான் வளரும் வயதில் இருந்தாள். அப்பாவைத் தாண்டிய பிறகு, அவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவள் முதுகை வளைத்துக்கொண்டு நடந்தாள். நேராக நில்லு என்று பள்ளிக்கூடத்தில் திட்டினார்கள். வீட்டில் யாரும் திட்டவில்லை. மனைவி அலமாரியின் மேல் தட்டில் இருந்த சாமான்களைச் சத்தமில்லாமல் கீழ்த் தட்டுக்கு மாற்றினாள். பசைக்காரர் பேசும்போது பழக்கதோஷத்தில் அவள் முகம் அவர் தலைக்கு மேலே பார்க்கும். குரல் முன்பு வந்துகொண்டிருந்த இடம் அது. பிறகு சுதாரித்துக் கண்ணைத் தாழ்த்துவாள். அந்தத் தாழ்த்தலை அவர் ஒவ்வொரு முறையும் கவனித்தார்.

அந்த வட்டாரத்தில் ஒருவர் வீட்டுக்குள் போவதென்றால் செருப்போ ஷூவோ வாசலில்தான் இருக்க வேண்டும். அதில் யாருக்கும் விலக்கில்லை. எனவே இரண்டாவது சம்பளக் குறைப்புக்குப் பிறகு யாரும் யார் வீட்டுக்குள்ளும் போகவில்லை. பிள்ளை பிறந்தால் படியில் நின்று பார்த்தார்கள். காய்ச்சல் என்றால் ஜன்னல் வழியாக மாத்திரை கொடுத்தார்கள். "உள்ள வாங்களேன்" என்று ஒருவர் சொல்வார். "இல்லீங்க, தலைக்கு மேல வேலை கிடக்கு" என்பார் மற்றவர். கூப்பிட்டவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும், வராதவருக்கும் அப்படித்தான். வேலை பாதியாகக் குறைந்துபோன தெருவில் எல்லோருக்கும் எப்போதும் வேலை இருந்தது.

பசைக்காரருக்கு ஒரே ஒரு அக்கா. தெருவின் கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். பத்து வயது மூத்தவள். அம்மா போன பிறகு அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, அடித்து வளர்த்தவள் அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவ்வளவு உயரம். ஊருக்கே அவள் நெட்டக்கா. கம்பெனி கொடுக்கும் வெட்டிய தோலை வீட்டில் உட்கார்ந்து கையாலேயே தைத்துக் கொடுப்பது அவள் வேலை. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. பக்கத்து வீடுகளில் பரணில் சிக்கிய பெட்டியை இழுக்க, மேலே எரியாத பல்பை மாற்ற, அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டூல் எடுக்க வேண்டாம், நெட்டக்கா போதும் என்பார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. கதவின் நடுத் தாழ்ப்பாள் ஆணி கழன்று விழுந்து மூன்று வருஷமாகியும் அவள் கவலைப்படாததற்குக் காரணம், உச்சியில் இருந்த மேல் தாழ்ப்பாள் அவள் கைக்குச் சாதாரணமாக எட்டியது. நடுத் தாழ்ப்பாளைத் தான் போட்டுத் தருவதாகப் பசைக்காரர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போவார். கழன்ற தாழ்ப்பாள் ஜன்னல் விளிம்பில் கிடப்பதைப் பார்ப்பார். அடுத்த வாரம் திருகாணி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வருவார்.

இரண்டாவது குறைப்புக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் படியோடு நின்றார்.

"கால்ல புண்ணுக்கா. ஷூவைக் கழட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எந்த டாக்டர்டா அது? ஷூ டாக்டரா?"

"சிரிக்காதக்கா. வலி உயிர் போகுது."

"உயிர் போறவன் நல்லாத்தான் நிமிர்ந்து நிக்கிற" என்று சொன்னாள். ஆனால் அவள் வெளியே வந்து அவர் காலைப் பார்க்கவில்லை. பாதி திறந்த கதவுக்குப் பின்னால், கழுத்து வரை தெரியும்படி நின்றாள். வீட்டிலிருந்து கூலிக்குத் தைக்கிறவர்களுக்கும் கூலி குறைந்திருந்தது. வீட்டுக்குள் ஷூ போட முடியாத அவள், தைக்க வந்த தோல் மூட்டையைக் கதவுக்குப் பின்னால் இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். தம்பி அதைக் கவனிக்கவில்லை. அவர் தன் பேண்ட் விளிம்பு ஷூவை மூடியிருக்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது குறைப்பின்போது கம்பெனி ஆட்களுக்கு நான்கு விரல் போனது. வீட்டில் தைப்பவர்களுக்குக் கூலியைப் பாதியாக வெட்டினார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து அமல் என்று மூட்டை கொண்டுவருகிறவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். முந்தின நாள் மாலை நெட்டக்கா வழக்கம்போல் கையை உயர்த்தி, நுனிக்காலில் எம்பி, மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். காலையில் எழுந்தபோது ஒரு முழம் குறைந்திருந்தாள். கதவின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள். தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களின் ஞாபகம் வந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

நாற்காலியையும் ஸ்டூலையும் கட்டிலையும் போன வருஷமே விற்றிருந்தாள். துடைப்பக்கட்டையால் தட்டினாள். அது பழைய தாழ்ப்பாள், குமிழைத் திருப்பி இழுத்தால்தான் இறங்கும், தட்டினால் இறங்காது. தோல் மூட்டையின்மேல் ஏறினாள், அது அமுங்கியது. மூட்டையின்மேல் பானையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினாள். பானை உருண்டு, விழுந்து, வலது மணிக்கட்டு வீங்கியது. பத்து நாள் இடது கையால் தைத்தாள். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. மூட்டைக்காரர் கம்பி வழியாகவே தோலைக் கொடுத்து, தைத்ததை வாங்கிக்கொள்வார். சாமான் வாங்கி வரச் சொன்னால் அதையும் கம்பி வழியாகத் திணிப்பார். கதவை ஏன் திறப்பதில்லை என்று அவர் கேட்கவில்லை. திறந்து, டீ குடிக்க உள்ளே கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு இருந்தது. சைக்கிள் பெடலில் மரக்கட்டை கட்டித்தான் அவரும் மிதித்துக்கொண்டிருந்தார்.

ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். எதிர்வீட்டு ஸ்டோர்காரர் பத்தடி தூரத்தில் இருந்தார். ஆனால் என்னவென்று சத்தம் போடுவது? ஊரில் எல்லோருடைய பல்பையும் மாற்றிக் கொடுத்தவள், என் வீட்டுத் தாழ்ப்பாள் எனக்கு எட்டவில்லை என்று தெருவைப் பார்த்துக் கத்த வேண்டும். அதற்கு உள்ளேயே இருக்கலாம் என்று முடிவு செய்தாள். இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த பசைக்காரருக்குக் கதவு சாத்தியிருந்ததில் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இனி கால் புண்ணைப் பற்றிப் பேச வேண்டாம். மூட்டை இருந்த வாரங்களில் அவள் அதன்மேல் ஏறி ஜன்னலில் முகம் காட்டினாள். இரண்டு பேரும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, கம்பெனியைத் திட்டிவிட்டு, மகளின் படிப்பை விசாரித்துவிட்டுப் பிரிந்தார்கள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவள் திடீரென்று சொன்னாள்:

"ஷூவோடவே உள்ள வாடா. பரவால்ல. தரையை நான் துடைச்சுக்கறேன்."

தையலைச் சோதிக்க வந்த கம்பெனி அதிகாரி ஒருவர் ஒருமுறை ஷூவோடு உள்ளே கால் வைத்ததற்கு, அவரைத் தெருவில் நிற்க வைத்து அவர் பையைத் தூக்கிப் பின்னாலேயே எறிந்தவள் அவள். அவள் இப்படிச் சொன்னால் ஏதோ நடந்திருக்கிறது என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். பசைக்காரருக்கும் ஒரு கணம் என்னவோ போலிருந்தது. ஆனால் ஷூவோடு போனாலும் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பேண்ட் ஏறும். ஏறினால் கார்க் தெரியும்.

"சும்மா இரு அக்கா. உன் வீட்டுக்குள்ள ஷூவோட வந்தா நம்ம அம்மா எழுந்து வந்து அறைவாங்க" என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினார். அவர் கதவைத் தள்ளுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். தள்ளியிருந்தால் திறந்திருக்காது, ஏன் திறக்கவில்லை என்று கேட்டிருப்பார், கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். தானாகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர் கதவைத் தொடவில்லை. பாதித் தெரு போன பிறகு, ஒரு முறை திரும்பிப் போய்ப் பார்க்கலாமா என்று நின்றார். கணுக்கால் வலித்தது. போய்விட்டார்.

ஆறாவது வாரம் கம்பெனி வீட்டுத் தையலை அடியோடு நிறுத்தியது. மூட்டைக்காரர் வருவது நின்றது. கூலி குறைந்தவர்களுக்கு இத்தனை விரல் என்று ஒரு கணக்காவது இருந்தது. கூலியே இல்லாதவர்களுக்கு அதுவும் கிடையாது. நெட்டக்கா நாளுக்கு ஒரு நூல் அளவு குறைந்தாள். வீட்டில் இருந்த மாவும் பருப்பும் பத்து நாளைக்கு வந்தன. ஏறி நிற்க மூட்டையும் இல்லை. இப்படியே போனால் எத்தனையாவது நாள் ஒன்றுமில்லாமல் போவோம் என்று சுவரில் ஊசியால் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தாள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை தம்பி வரவில்லை. பழைய கார்க் நசுங்கிவிட்டதால் புதிதாக ஒன்று செய்துகொண்டிருந்தார். பசை காயவில்லை. ஈரத்தோடு போட்டுக்கொண்டு வர முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். ஜன்னலில் முகம் இல்லை.

"அக்கா?"

"வந்துட்டியா. போன வாரம் எங்கடா போன?"

"வேலை. எங்க நிக்கிற நீ?"

"எங்க நிப்பேன். ஜன்னல்கிட்டதான்."

பசைக்காரர் காதை ஜன்னல் கம்பியில் வைத்தார். எத்தனையோ விஷயத்தில் அவர் அறிவு குறைந்தவர்தான். ஆனால் ஒரு குரல் எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பதில் அந்த ஊரில் அவரளவுக்குத் தேர்ந்தவர் கிடையாது. வீட்டில் அவர் வாய் திறக்கும் போதெல்லாம் மனைவியின் கண் தேடித் தேடிக் கீழே இறங்கும் இடம் அவருக்கு அத்துப்படி. இந்தக் குரல் அதையும்விடக் கீழேயிருந்து வந்தது. ஜன்னல் விளிம்புக்கும் கீழே, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நின்று பேசும் இடத்திலிருந்து.

ஏழு வாரத்தில் முதல் முறையாகக் கதவில் கையை வைத்துத் தள்ளினார். திறக்கவில்லை.

"தாழ்ப்பாளை எடுக்கா."

எதிர்வீட்டில் ஸ்டோர்காரர் துணி உதறிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அக்கா, தாழ்ப்பாளை எடு."

"எட்டலடா" என்றாள் நெட்டக்கா.

அவர் தோளால் கதவை இடித்தார். கார்க்கின்மேல் நிற்கிறவன் எதையும் இடிக்க முடியாது. பாதத்துக்குப் பிடிமானம் இல்லை. முதல் இடியில் கணுக்கால் மடங்கி, படியில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டோர்காரர் ஓடி வந்தார், அதாவது ஓடலாம் என்று நினைத்து இரண்டு முறை தடுமாறி வந்தார். தையல் பிரிவில் இருந்த அவர் மனைவியும் வந்தாள். சத்தம் கேட்டு இன்னும் ஐந்தாறு பேர் தங்கள் மிடுக்கான நடையில் வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். கதவைத் தவிர எல்லோரும் அசைந்தார்கள். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, ஒருவரையொருவர் பிடித்து நிறுத்தி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

பசைக்காரர் படியில் உட்கார்ந்தபடியே ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அவசரத்தில் முடிச்சு இறுகிக்கொண்டது. பல்லால் கடித்து இழுத்தார். இரண்டு ஷூவையும் கழற்றிச் சுவரோரம் வைத்தார். அவை விழாமல் நின்றன, அவ்வளவு கனம். எழுந்து நின்றபோது அவர் தலை ஸ்டோர்காரரின் மார்புக்கு வந்தது. யாரையும் பார்க்காமல், கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். சிரிப்புச் சத்தத்துக்குப் பதிலாகக் கயிறு உருவும் சத்தம் கேட்டது.

"தள்ளி நில்லுங்கண்ணே, எனக்கும் கொஞ்சம் இடம் குடுங்க" என்ற ஸ்டோர்காரரின் குரல் அவர் காதுக்கு நேராக வந்தது. பிறகு ஸ்டோர்காரரின் மனைவி. பிறகு மெருகு போடும் பெண்கள் இரண்டு பேர். ஒவ்வொருவராக ஒரு சாண் இறங்கினார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. முகத்தைக் கதவுப் பக்கமே வைத்துக்கொண்டார்கள். வெறுங்காலோடு எட்டுப் பேர் கதவில் தோளை வைத்தார்கள். மூன்றாவது தள்ளில் மேல் தாழ்ப்பாள் சட்டத்தோடு பிய்ந்து விழுந்தது.

நெட்டக்கா அறை நடுவில் நின்றிருந்தாள். எட்டு வயதுப் பிள்ளையின் உயரம், ஐம்பது வயது முகம். பழைய சேலையை நாலாக மடித்துக் கட்டியிருந்தாள். கண்ணீர் விடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு அவர்களைத் தாண்டி, சுவரோரம் வரிசையாக நின்ற பதினாறு ஷூக்களைப் பார்த்தாள். அவற்றின் வாய்க்குள் கார்க் அடுக்கு தெரிந்தது.

"அடப்பாவிகளா. இத்தனை கார்க்கையும் எங்கடா திருடினீங்க?"

ஸ்டோர்காரர் தரையைப் பார்த்தார். அவர் மனைவி அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். அடுப்பு மேடை நெட்டக்காவுக்குக் கழுத்து உயரத்தில் இருந்ததையும், இரண்டு நாளாக அடுப்பில் சாம்பல்கூட இல்லை என்பதையும் அவள்தான் முதலில் பார்த்தாள். "உக்காருங்க. நாற்காலி எல்லாம் கிடையாது" என்றாள் நெட்டக்கா. தரையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகு எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் இருந்தார்கள். டீ வந்தது. குடித்தார்கள்.

பசைக்காரர் உட்காரவில்லை. கதவின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் இருந்த இடத்தைச் சுற்றித் துடைப்பக்கட்டை பட்ட தழும்புகள், நூறு நூற்றைம்பது இருக்கும். முதலில் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், பிறகு நாளாக ஆக அதற்குக் கீழே, இன்னும் கீழே. அவற்றில் ஞாயிற்றுக்கிழமைத் தழும்பு எது என்று கண்டுபிடிக்க முடியுமா என்பது போல விரலால் தடவிக்கொண்டிருந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. வந்திருந்தால் நெட்டக்கா அறைந்திருப்பாள்.

இதற்குப் பிறகு தெரு திருந்திவிட்டது என்று சொல்வதற்கில்லை. மறுநாள் திங்கட்கிழமை, எட்டுப் பேரில் ஐந்து பேர் பழையபடி கார்க்கில் ஏறித்தான் வேலைக்குப் போனார்கள். பார்த்தவர்கள் பார்க்காதது போல இருந்தார்கள். வெட்கம் என்பது கழற்றி வாசலில் வைத்துவிட்டு வரக்கூடிய சாமான் இல்லை. ஆனால் ஒரு வருஷத்துக்குள், கார்க் கனமாக இருக்கிறது, முழங்கால் போகிறது என்று ஏதாவது சொல்லி ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். கார்க் கழிவு திடீரென்று கூடிவிட்டதாகவும், தொழிலாளர்களிடம் பொறுப்பு குறைந்துவிட்டதாகவும் நிர்வாகம் ஒரு கண்டனக் கடிதம் ஒட்டியது. அதைப் படித்தபோது சிலர் சிரித்தார்கள். அந்தக் கம்பெனியில் இரண்டு வருஷமாக யாரும் நோட்டீஸ் பலகைக்கு முன்னால் சிரித்ததில்லை. வேலை மேஜைகளின் கால்களை ஒரு சாண் அறுத்தார்கள். வீடுகளில் அலமாரி இறங்கியது, சுவிட்ச் இறங்கியது. தச்சர்களுக்கு மட்டும் அந்த வருஷம் கை நிறைய வேலை இருந்தது. அவர்கள் குட்டையாகவில்லை, ஆனால் நிமிர்ந்து நடக்கக் கூச்சப்பட்டார்கள்.

கதவை உடைத்த அன்று மாலையே பசைக்காரர் நடுத் தாழ்ப்பாளைப் போட்டார். ஸ்டோர்காரர் கம்பெனித் திருகாணி நான்கு கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் திருட்டுக்கு யாரும் கூசவில்லை. பழைய ஓட்டைகள் எங்கேயோ மேலே இருந்தன. அக்காவைக் கதவோரம் நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அவள் இடுப்புக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டார்.

"இங்க போடறேன். உனக்குச் சரியா இருக்கும்."

அவள் கோட்டைப் பார்த்தாள்.

"இன்னும் நாலு விரல் கீழ போடு."

"இதுவே உனக்குச் சரியா இருக்கேக்கா."

"இப்போ சரியா இருக்கு" என்றாள்.

அவர் கோட்டை அழித்துவிட்டு நான்கு விரல் கீழே இன்னொரு கோடு போட்டார். துளையிட்டு, திருகாணியை முடுக்கி, மூன்று முறை போட்டும் எடுத்தும் பார்த்தார். வீட்டுத் தையலை அடுத்த மாதம் மறுபடி கொடுத்தார்கள், முன்பைவிடக் குறைந்த கூலிக்கு. அந்த வருஷமும் அதற்கு அடுத்த வருஷமும் நெட்டக்கா கொஞ்சம் குனிந்துதான் தாழ்ப்பாளைப் போட்டாள். மூன்றாவது வருஷம் குனிய வேண்டியிருக்கவில்லை.